பாட்டு நின்றது எனக்குத் தெரியவில்லை: ஒரு கேனரியும் பதிமூன்று கோழிகளும்

கேனரி எந்த நாளில் பாடுவதை நிறுத்தியது என்று கோயம்புத்தூர் டாக்டர் கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. "ஒரு வாரம் இருக்குங்க" என்றேன். பக்கத்தில் நின்ற மகள், "இல்லம்மா, தீபாவளிக்கு முன்னாடியே அது பாடல" என்றாள். அப்படியென்றால் மூன்று வாரத்துக்கு மேல். தினமும் காலையில் அதன் கூண்டுக்குக் கீழே உட்கார்ந்துதான் தையல் மிஷினை மிதிக்கிறேன், மூன்று வாரமாக அந்த வீட்டில் பாட்டு இல்லை என்பது என் காதுக்கு எட்டவில்லை. அதை நினைத்தால் இன்றும் மனசு ஒரு மாதிரி ஆகிவிடுகிறது. அதற்குப் பிறகு தை மாதத்தில் கோழிகளும் போயின. இரண்டு தடவையும் கேட்க ஆளில்லாமல் திண்டாடினேன். வீட்டுக்காரர் மஸ்கட்டில் இருக்கிறார், இங்கே நானும் ஒன்பதாவது படிக்கும் மகளும் மட்டும். அப்போது யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாமே என்று தோன்றியதையெல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன்.

காங்கேயம் பக்கம் தோட்டத்தை ஒட்டிய வீடு. கேனரி ஜோடியை மகள் பிறந்தநாளுக்கு வாங்கினோம், மஞ்சள் ஆண் ஒன்று, வெளுத்த பழுப்பில் பெண் ஒன்று. கேனரியில் பாடுவது பெரும்பாலும் ஆண்தான், பெண் சும்மா கீச்சிடும். பாட்டு நின்றதைக் கடையில் சொன்னபோது, "இறகு உதிர்க்குதுங்க்கா, அப்ப பாடாது" என்று சொன்னார்கள். அது உண்மைதான், இறகு உதிர்க்கும் சமயத்தில் கேனரி வாயை மூடிக்கொள்ளும். ஆனால் உண்மையிலேயே இறகு உதிர்த்தால் கூண்டின் அடியில் இறகு கிடக்க வேண்டும் அல்லவா? என் கூண்டில் ஒன்றிரண்டு கூட இல்லை. அடித்தட்டைத் தினமும் துடைக்கிறவள் நான்தான், என் கண்ணெதிரே இருந்த விஷயம் அது, ஆனாலும் கடைக்காரர் சொன்னதே மனசுக்கு ஆறுதலாக இருந்ததால் அதையே நம்பிவிட்டேன். உங்கள் கேனரி பாடவில்லையா, முதலில் அடித்தட்டைப் பாருங்கள். இறகும் இல்லை பாட்டும் இல்லை என்றால் அது வேறு ஏதோ.

அதற்கப்புறம் அது உப்பிக்கொண்டு உட்கார ஆரம்பித்தது. குளிருக்கு எல்லாப் பறவையும்தான் உப்பும், ஆனால் பகல் பன்னிரண்டு மணி வெயிலில் பந்து மாதிரி உட்கார்ந்திருந்தால் அது குளிர் இல்லை. வால் ஒவ்வொரு மூச்சுக்கும் மேலும் கீழும் ஆடியது, தண்ணீர் இறைக்கும் ஏற்றம் போல. தீனிக் கிண்ணத்துக்குப் போய் தினையைக் கொத்திக்கொண்டே இருந்ததால் சாப்பிடுகிறது என்று நினைத்தேன். உண்மையில் அது உமியை உரித்து உரித்துக் கீழே போட்டுக்கொண்டிருந்தது, ஒன்றும் உள்ளே போகவில்லை. நோய்ப்பட்ட பறவை இப்படிச் சாப்பிடுவது போலக் காட்டும் என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். காட்டில் சோர்ந்து தெரிகிற பறவையைத்தான் பருந்து முதலில் தூக்கும், அதனால் முடிந்த மட்டும் நன்றாக இருப்பதாகவே நடிக்கும். அதற்கு மேல் முடியாது என்கிற நாளில்தான் நம் கண்ணுக்குத் தெரியும், நமக்கு முதல் நாளாகத் தெரிவது அதற்குக் கடைசி வாரமாக இருக்கும்.

கடையில் ஒரு மஞ்சள் பொடி கொடுத்தார்கள், ஆன்டிபயாடிக், 180 ரூபாய், தண்ணீரில் கலக்கச் சொன்னார்கள். ஐந்து நாள் கலந்தேன். கசப்பாக இருந்ததோ என்னவோ, இருந்த கொஞ்சத் தண்ணீர் குடிப்பதையும் அது குறைத்துக்கொண்டது. ஐந்தாம் நாள் ராத்திரி கூண்டின் மேல் துணி போர்த்தும்போது ஒரு சத்தம் கேட்டது. டிக், டிக் என்று, பால்பாயின்ட் பேனாவை மெதுவாக அமுக்கி விடுவது போல. விளக்கை அணைத்து, ஃபேனையும் நிறுத்தி, காதைக் கம்பியோடு வைத்துக் கேட்டேன். அதன் மூச்சிலிருந்துதான் அந்தச் சத்தம். எனக்குக் கை காலெல்லாம் சில்லிட்டுவிட்டது. மகளை எழுப்பவில்லை. விடிகிற வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

காலையில் பக்கத்து ஊர் கிளினிக்குக்குப் போனேன். அங்கே மாடு, ஆடு, நாய்தான் பார்க்கிறார்கள், இவ்வளவு சின்ன உயிருக்கு மருந்தளவு சொல்லத் தெரியாது என்று அந்த டாக்டர் நேராகவே சொல்லிவிட்டார். 200 ரூபாய் போனது, ஆனால் அந்த நேர்மைக்கு நான் நன்றிதான் சொல்வேன். கார் பிடித்துக் கோயம்புத்தூர், போக வர 3,200. அங்கே பறவை பார்க்கிற டாக்டர் முதலில் எடை போட்டார். 14 கிராம். இருபதுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய பறவை. இறகுக்குள் பார்த்தால் தெரியாது, நெஞ்சைத் தடவினால் நடு எலும்பு கத்தி முனை போல நீட்டிக்கொண்டிருந்தது. அறை விளக்கை அணைத்து, கழுத்து இறகை ஸ்பிரிட்டால் நனைத்து ஒதுக்கி, பின்னாலிருந்து டார்ச் அடித்தார். தோலுக்கு உள்ளே, மூச்சுக்குழாயில், கடுகை விடச் சின்னதாகக் கறுப்புப் புள்ளிகள். ஒன்று நகர்ந்தது. மூச்சுக்குழாயிலும் காற்றுப்பையிலும் குடியேறும் ஒருவகைச் சிற்றுண்ணி, கேனரியிலும் ஃபிஞ்ச் என்கிற சின்னக் குருவியிலும் அதிகம் வரும் என்றார். குரல் போவது, டிக் சத்தம், வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, வால் ஆடுவது எல்லாம் அதனால்தான். நான் ஐந்து நாள் கலந்த ஆன்டிபயாடிக்குக்கும் அந்தச் சிற்றுண்ணிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

பிடரித் தோலில் ஐவர்மெக்டின் ஒரு சொட்டு விட்டார். இடைவெளி விட்டு மூன்று தடவை விட வேண்டும், பார்க்க நன்றாக இருக்கும் பெண் பறவைக்கும் சேர்த்து. இந்த மருந்து பெயர் ஆட்டுக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதனால் தயவுசெய்து ஆட்டுக்கு வாங்கிய பாட்டிலிலிருந்து ஒரு சொட்டு எடுத்து விடாதீர்கள். அந்த வீரியம் இருபது கிராம் உயிரைக் கொன்றுவிடும். டாக்டர் கலந்து கொடுத்ததை மட்டும் விடுங்கள்.

ஆண் மூன்றாம் நாள் விடியற்காலை செத்துப்போனது. முன்பே கொண்டு வந்திருந்தால் பிழைத்திருக்கும் என்று டாக்டர் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. பெண் பிழைத்தது. எல்லாம் சேர்த்து 5,000 ரூபாய்க்குப் பக்கம். பணத்தை விட அந்த ஐந்து நாளைத்தான் இன்னும் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இதிலிருந்து என் பழக்கத்தில் சிலது மாறியது. சமையலறை டிஜிட்டல் தராசில் ஒரு சின்ன மூடி டப்பாவை வைத்து ஞாயிறு தோறும் எடை எழுதி வைக்கிறேன், ஒரு கிராம் இரண்டு கிராம் குறைவது கண்ணுக்குத் தெரியாது, தராசுக்குத் தெரியும். தீனிக் கிண்ணத்தை ஊதிப் பார்க்கிறேன், நிறைந்திருப்பது போலத் தெரிவது பாதி நாள் வெறும் உமிதான். கூண்டு அடியில் மணலுக்குப் பதில் செய்தித்தாள் போடுகிறேன், எச்சம் எத்தனை, எப்படி என்று பார்க்க அதுதான் வசதி. நல்ல எச்சத்தில் மூன்று பாகம் இருக்கும்: நடுவில் பச்சையோ பழுப்போ நிறத்தில் கெட்டியாக, மேலே வெள்ளை, சுற்றிலும் கொஞ்சம் தண்ணீர். வெள்ளரிக்காயோ கீரையோ வைத்த நாளில் தண்ணீர் அதிகமாகும், அதற்குப் பயப்பட வேண்டாம். எச்சத்தின் எண்ணிக்கை குறைந்தால், சின்னதாகக் கரும்பச்சையாக வந்தால் சாப்பிடவில்லை என்று அர்த்தம். வெள்ளையாக இருக்க வேண்டிய பாகம் மஞ்சளோ பச்சையோ ஆனால் அன்றே டாக்டர். முடியாத பறவைக்கு முதலுதவி சூடுதான், கூண்டின் ஒரு பக்கமாக நாற்பது வாட் குண்டு பல்பைக் கட்டி, மறு பக்கத்தைத் துணியால் மூடாமல் விட்டால் அதற்கு வேண்டிய இடத்தில் அது உட்கார்ந்துகொள்ளும். பெண் பறவை இருக்கும் கூண்டில் கடல் நுரை, அதாவது கணவாய் மீனின் ஓடு, எப்போதும் இருக்கட்டும். சுண்ணாம்புச் சத்து குறைந்தால் முட்டை உள்ளேயே மாட்டிக்கொள்ளும். வாலைத் தாழ்த்திக் கூண்டின் தரையில் உட்கார்ந்து முக்கினால் அதுவாக இருக்கலாம், அது மணிக்கணக்கில் முடிகிற விஷயம். அப்புறம் நான்ஸ்டிக் தவா. அது தீய்ந்தால் வரும் புகையில் அடுத்த அறையில் இருக்கும் கேனரி கூட நிமிஷத்தில் செத்துவிடும். நிலக்கரிச் சுரங்கத்துக்குள் கேனரியைக் கொண்டு போனதே நமக்கு முன்னால் அதற்கு விஷவாயு தாக்கும் என்பதால்தானே.

இவ்வளவு கற்றுக்கொண்டவள் கோழி விஷயத்தில் சுதாரித்திருக்க வேண்டும். கோழி நம் ஊர் உயிர், சின்ன வயசிலிருந்து பார்த்தது, அதில் எனக்கென்ன தெரியாது என்று இருந்துவிட்டேன்.

பொங்கல் முடிந்து ஒரு வாரம். வீட்டில் பதினைந்து நாட்டுக்கோழி. அதில் பழசு ஒரு சேவலும் இரண்டு பெட்டையும், மீதி பன்னிரண்டும் போன சித்திரையில் பொரித்து வளர்ந்தவை, சிலது முட்டைக்கு வந்திருந்தன. சந்தையில் இரண்டு விடைக்கோழி நல்ல நிறமாக இருந்ததென்று 900 ரூபாய்க்கு வாங்கி, அன்று சாயங்காலமே மற்றதோடு பஞ்சாரத்தில் கவிழ்த்தேன். செய்த தப்பு இதுதான், மற்றதெல்லாம் இதிலிருந்து வந்தது. புதுக் கோழியைக் குறைந்தது மூன்று வாரம் தனியாக, தனிக் கிண்ணத்தில் தீனி வைத்து, பழைய கோழிகளைப் பார்த்துவிட்டுக் கடைசியாகப் போய் பார்க்க வேண்டும். கேனரிக்கு ஒரு மாதம்.

ஐந்தாம் நாள் காலையில் கூடு திறந்தேன். என் கறுப்புப் பெட்டை ஒன்று எப்போதும் முதலில் வெளியே பாய்ந்து என் கால் மேல் ஏறும், அன்று கடைசியாக வந்து முருங்கை மரத்தடியில் நின்றது. பார்த்தேன். பார்த்துவிட்டு, அடைக்கு உட்காரப் போகிறது போல என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். கேனரிக்கு இறகு உதிர்க்கிறது என்று நினைத்த மாதிரியேதான். மத்தியானம் சந்தைக் கோழி ஒன்று கண்ணை மூடி இறக்கையைத் தொங்கப் போட்டு நின்றது, பின்னால் இறகெல்லாம் வெள்ளையும் பச்சையுமாகக் கழிச்சல் ஒட்டியிருந்தது. மறுநாள் விடியும்போது அது செத்துக் கிடந்தது. அன்று கிடைத்த முட்டை இரண்டும் ஓடில்லாத தோல் முட்டை.

எதிர் வீட்டுப் பெரியம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "சீக்கு வந்திருச்சு அம்மிணி. சாகறதுக்குள்ள அறுத்து வித்துப்போடு" என்றார். "வேண்டாங்க பெரியம்மா, இன்னொரு வீட்டுக் கோழியும் போயிரும்" என்றேன். உண்மையில் அந்த நேரத்தில் எனக்கு அவ்வளவு தெளிவெல்லாம் இல்லை, அதுகளை அறுக்க மனசு வரவில்லை, அவ்வளவுதான். சீரகம், மிளகு, மஞ்சள், சின்ன வெங்காயம், கீழாநெல்லி, வேப்பிலை எல்லாம் அரைத்து உருண்டை பிடித்து ஒவ்வொன்றின் வாயிலும் போட்டேன். இந்த மருந்தை நான் குறை சொல்ல மாட்டேன், தீனி எடுக்கச் செய்யும், கொஞ்சம் தெம்பு தரும். ஆனால் வந்துவிட்ட வைரஸைக் கொல்கிற மருந்து ஆங்கில மருந்திலும் இல்லை.

மூன்றாவது கோழி செத்தபோதுதான் அதை பாலிதீன் பையில் கட்டி, ஐஸ் கட்டியோடு கால்நடை மருந்தகத்துக்கு எடுத்துப் போனேன். இதை முதல் கோழிக்கே செய்திருக்க வேண்டும். செத்த கோழி வீண் இல்லை, நோயைச் சரியாகச் சொல்வது அதுதான். டாக்டர் அறுத்து, தீனிப்பைக்குக் கீழே உள்ள இரைப்பையைத் திருப்பிக் காட்டினார். உள்பக்கம் வரிசையாகக் குத்தூசியால் குத்தியது போல ரத்தப் புள்ளிகள். "ராணிக்கெட்தாம்மா, வெள்ளைக் கழிச்சல். தடுப்பூசி போட்டீங்களா?" என்றார். இமயமலையில் இருக்கும் ராணிக்கேத் ஊரில் 1920களில் கண்டதால் வந்த பெயராம், வெளிநாட்டில் இதையே நியூகாஸில் என்கிறார்கள். எத்தனையோ வருஷமாக ஊசி இருந்தும் நம் வாசலில் கோழி சாவது இந்த நோயால்தான்.

போன பிப்ரவரி முகாமில் போட்டேன் என்றேன். வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தபோதுதான் புரிந்தது. பிப்ரவரியில் ஊசி போட்டது பழைய மூன்றுக்கும். மற்ற பன்னிரண்டும் அப்போது பொரிக்கவே இல்லை. ஒன்பது நாளில் அந்தப் பன்னிரண்டில் பதினொன்றும், சந்தைக் கோழி இரண்டும் போயின. பழைய சேவலும் இரண்டு பெட்டைகளும் சாகிற கோழிகளோடு ஒரே கிண்ணத்தில் தின்றுகொண்டிருந்தன, ஒரு தும்மல் கூட இல்லை. ஊசி வேலை செய்யுமா என்று யாராவது இனி என்னிடம் கேட்டால் இந்த மூன்றையும் காட்டுவேன். கணக்குப் பார்த்தால் 7,500 ரூபாய் போனது. அதை விட, ஒவ்வொரு நாள் காலையும் கூட்டைத் திறக்கப் பயந்து வாசலில் நின்ற அந்த ஒன்பது நாள். கடைசியில் சிலதுக்குக் கழுத்து முறுக்கிக்கொண்டு தலை முதுகுக்குப் போய்விட்டது, காலை இழுத்து இழுத்து நடந்தன. மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வருவதற்குள் செத்ததைப் புதைத்துவிட வேண்டும் என்று தையலையெல்லாம் போட்டுவிட்டு மத்தியானத்தில் குழி தோண்டினேன்.

குழியை நாய் தோண்டாத ஆழத்துக்கு எடுத்துச் சுண்ணாம்பு தூவி மூடுங்கள், வாய்க்காலிலும் ரோட்டோரத்திலும் வீசாதீர்கள், என் வீட்டுக்கு வந்தது அப்படி யாரோ வீசியதிலிருந்து கூட வந்திருக்கலாம். கோழியைத் தொட்ட கையோடு கண்ணைத் தேய்க்காதீர்கள், நமக்குக் கண் சிவந்து நீர் வடியும். எனக்கு வந்தது, நான்கு நாளில் சரியானது. பெண் கேனரியின் கூண்டை அந்த நாட்களில் மகள்தான் பார்த்துக்கொண்டாள், நான் குளித்து உடை மாற்றாமல் அந்த அறைக்குள் போகவில்லை. திடீரென்று ஒரே நாளில் நிறையச் செத்தால் பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம், அப்போது எதையும் தொடாமல் மருந்தகத்துக்குச் சொல்லிவிடுங்கள். 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் கால்நடை ஆம்புலன்ஸ்காரர்கள் பேசுவார்கள். எனக்கு அந்த எண் தெரிந்ததே எல்லாம் முடிந்த பிறகு.

தடுப்பூசிக் கணக்கைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறேன். குஞ்சு பொரித்து ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. எட்டாம் வாரம் இறக்கைக்கு அடியில் தோலில் ஊசி. அதற்கு ஒரு வாரம் முன்னால் குடற்புழு நீக்கம், நோய்ப்பட்ட கோழிக்கு ஊசி போடக் கூடாது. அரசு முகாம் பிப்ரவரி மாதம் இலவசமாக நடக்கும், ஆனால் முகாமுக்குப் பிறகு பொரித்தது எல்லாம் நம் பொறுப்பு. ஒரு மருந்துக் குப்பியில் நூறு கோழிக்கான மருந்து இருக்கும், கலக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், அதனால் ஒரு வீட்டுக்காக உடைப்பது கஷ்டம். நான் இப்போது எங்கள் வீதியில் ஆறு வீட்டைச் சேர்த்துவிட்டேன், எதிர் வீட்டுப் பெரியம்மாவும் சேர்த்தி. முந்தின ராத்திரியே எல்லோரும் பஞ்சாரத்தில் அடைத்து வைத்து, விடியற்காலை பிடித்துக் கொடுக்கிறோம். மருந்தை ஐஸ் போட்ட பிளாஸ்கில்தான் கொண்டு வர வேண்டும், வெயிலில் வண்டியில் வந்த மருந்து வெறும் தண்ணீர்.

எல்லாச் சீக்கும் ராணிக்கெட் இல்லை, இதையும் சொல்லிவிடுகிறேன். குஞ்சுகள் ரத்தமாகக் கழிந்தால் அது வேறு, ஈரமான கூட்டில் வருவது, உடனே பார்த்தால் மருந்து உண்டு. முகம் வீங்கி, மூக்கில் நாற்றத்தோடு சளி வந்தால் அதற்கும் மருந்து உண்டு. கொண்டையிலும் கண்ணோரத்திலும் மருக்கள் போல வந்தால் அம்மை, கொசுவால் பரவுவது, வாய்க்குள் வராத வரைக்கும் பெரும்பாலும் தேறிவிடும். கொண்டை வெளுத்தால் பேன், புழு இருக்கிறதா பாருங்கள், நீலம் பாய்ந்தால் மூச்சுத் தொல்லை. நடுநடுவே ஒரு எச்சம் மட்டும் பழுப்பாகக் கூழ் மாதிரி நாறும், அது எல்லாக் கோழிக்கும் உள்ளது, நோய் இல்லை, நான் அதற்கு ஒரு நாள் ஆட்டோ பிடித்து ஓடியிருக்கிறேன். ராத்திரி அடைக்கும்போது தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள், நிறைந்திருக்க வேண்டும். காலையில் காலியாக இருக்க வேண்டும். காலையிலும் கல் மாதிரி இருந்தால் அடைத்துக்கொண்டது.

பன்னிரண்டில் பிழைத்த ஒன்று அந்தக் கறுப்புப் பெட்டைதான். கழுத்து இன்னும் ஒரு பக்கம் கோணிக்கொண்டுதான் இருக்கிறது. கம்பை ஒரு தட்டில் குவித்து வைத்தால், ஒரு கொத்து இந்தப் பக்கம் தரையில் விழும், அடுத்தது அந்தப் பக்கம், மூன்றாவதில் சரியாக எடுத்துவிடும். மற்ற கோழிகள் முடித்துவிடும் என்பதால் அதற்குத் தனியாக வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். பொழுது சாய்ந்ததும் தூக்கிக் கழுத்தடியில் தொட்டுப் பார்த்து, பை நிறைந்திருந்தால் கவிழ்ப்பேன், இல்லையென்றால் இன்னொரு பிடி கம்பு எடுத்து வருவேன்.